புறம்போக்கு என்று நினைத்துவிட்டேன்

(சார்பதிவாளர் அலுவலகத்திற்கு எதிரே பத்திர எழுத்தர் மாணிக்கத்தின் கடை. மேசையின் மீது, மகள் பள்ளியில் வாங்கிய விலையில்லா மடிக்கணினி. அக்காள் மகள் தேன்மொழி பென்டிரைவும் கையுமாக வந்து நிற்கிறாள்.)

தேன்மொழி: மாமா, கறுப்புத் திரையில் "நோ சச் பார்ட்டிஷன்" என்றும், அதற்குக் கீழே "கிரப் ரெஸ்க்யூ" என்றும் இருக்கிறதே, இது எப்போதிலிருந்து?

மாணிக்கம்: நேற்று மாலை 6 மணியிலிருந்து அம்மா. ரெஸ்க்யூ என்றால் மீட்பு என்று அகராதியில் இருந்தது. மீட்புப் பணி நடக்கும்போது குறுக்கே போகக் கூடாதென்று இரவு 2 மணி வரை பக்கத்திலேயே விழித்திருந்தேன், ஒருவரும் வரவில்லை.

தேன்மொழி: கிரப் என்பது கணினியைத் துவக்கிவைக்கும் நிரல் மாமா. தேடிய பார்ட்டிஷன், அதாவது வட்டின் பங்கு, இல்லையென்று சொல்லிவிட்டு அது உங்கள் கட்டளைக்காகக் காத்திருந்தது, நீங்கள் அதற்காகக் காத்திருந்தீர்கள். அதற்கு முன் எதையாவது அழித்தீர்களா?

மாணிக்கம்: அழித்தேன் என்று சொல்லாதே, ஒழுங்குபடுத்தினேன். டி டிரைவ் முழுவதும் ஸ்கேன் செய்த பத்திரங்களால் நிரம்பிவிட்டது. வட்டின் பங்குகளைக் காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பார்த்தால் 40 ஜி.பி. அளவுள்ள ஒரு துண்டு, டிரைவ் எழுத்தும் இல்லாமல், கோப்பு முறையின் பெயரும் இல்லாமல், "ஹெல்தி" என்ற சொல்லோடு சும்மா கிடந்தது. பட்டாதாரர் பெயர் இல்லாத நிலம் புறம்போக்கு அல்லாமல் வேறென்ன?

தேன்மொழி: அதில் விண்டோஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான பாஸ் லினக்ஸ் குடியிருந்தது மாமா. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கொடுத்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. லினக்ஸின் கோப்பு முறையை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாத பத்திரத்தைப் புறம்போக்கு என்று நீங்கள் எழுதுவீர்களா?

மாணிக்கம்: (தலையைச் சொறிந்தபடி) சரி, காலி செய்யப்பட்டது லினக்ஸ். விண்டோஸ் ஏன் எழுந்திருக்க மறுக்கிறது? அதன் வீட்டில் ஒரு செங்கல்லைக்கூட நான் தொடவில்லையே.

தேன்மொழி: தெருவாசற்கதவின் சாவி லினக்ஸ் வீட்டில் இருந்தது. இது பயாஸ் என்ற பழைய துவக்க முறையில் இயங்கும் கணினி. ஆகவே வட்டின் முதல் 512 பைட்டைத்தான் முதலில் படிக்கும். அதில் 446 பைட் துவக்க நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் முத்திரைக்கு. அத்தனை சிறிய இடத்தில் கிரப் முழுவதும் அடங்காது என்பதால், தன்னுடைய மீதிப் பகுதிகளை லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் வைத்துவிட்டு, அங்கே போய் எடுத்துக்கொள்ளும். நேற்று போய்ப் பார்த்திருக்கிறது, வீடே இல்லை.

மாணிக்கம்: 64 பைட்டில் எத்தனை பங்குதாரர்களை எழுதுவார்கள்?

தேன்மொழி: ஒருவருக்கு 16 பைட் வீதம் நான்கு பேரை. ஐந்தாமவர் வேண்டுமென்றால், நான்கில் ஒரு பங்கை எக்ஸ்டெண்டட் என்று அறிவித்து, அதற்குள் உட்பிரிவு போட வேண்டும். அந்த உட்பிரிவுகளுக்கு எண் 5-இலிருந்துதான் தொடங்கும், நான்காம் பங்கு காலியாகவே இருந்தாலும்.

மாணிக்கம்: இதை வகுத்தவன் எங்கள் தொழிலில் இருந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

(தேன்மொழி எல், எஸ் என்று இரண்டெழுத்துகளைத் தட்டுகிறாள். திரையில் ஒரு வரிசை வருகிறது.)

மாணிக்கம்: எச்.டி.0, எம்.எஸ்.டாஸ்1... முதல் வட்டுக்குப் பூஜ்யம், முதல் பங்குக்கு ஒன்றா? என் கடையில் இப்படி எழுதினால் சார்பதிவாளர் பத்திரத்தைத் திருப்பி முகத்தில் எறிவார்.

தேன்மொழி: கிரப்பின் பழைய பதிப்பில் பங்குகளையும் பூஜ்யத்திலிருந்தே எண்ணினார்கள். அதை விடுங்கள். இந்த வரிசையில் எம்.எஸ்.டாஸ்5 இல்லை பாருங்கள். அதுதான் நீங்கள் ஒழுங்குபடுத்திய வீடு. இப்போது உண்மையைச் சொல்லுங்கள்: அழித்த பிறகு அந்த இடத்தை ஃபார்மட் செய்தீர்களா, டி-யோடு சேர்த்தீர்களா?

மாணிக்கம்: அதற்குள் உன் அத்தை சாப்பிடக் கூப்பிட்டாள். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அணைத்துவிட்டுப் போனேன்.

தேன்மொழி: அத்தைக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுங்கள். பதிவேட்டில் பெயர் அடிக்கப்பட்டிருக்கிறதே தவிர, வீடு இடிக்கப்படவில்லை.

(பென்டிரைவிலிருந்து வேறொரு லினக்ஸை இயக்கி, அழிந்த பார்ட்டிஷன்களைத் தேடித் தரும் டெஸ்ட்டிஸ்க் என்ற நிரலைத் திறக்கிறாள். அது வட்டை வரிவரியாகத் தேடுகிறது. மாணிக்கம் பழக்கதோஷத்தில் எதிர்க்கடைக்கு இரண்டு தேநீர் சொல்லிவிட்டு, எல்லைக்கல் நடுவதைப் பார்ப்பவர்போலக் கைகட்டி நிற்கிறார்.)

மாணிக்கம்: "லினக்ஸ்" என்று ஒரு பச்சை வரி வந்துவிட்டது! தொடங்கும் இடம், முடியும் இடம், பரப்பளவு எல்லாம் இருக்கிறதே. நான்கு எல்லை மட்டும்தான் குறிப்பிடவில்லை.

தேன்மொழி: நீள வாக்கில் மட்டுமே அளக்கிற நிலத்துக்கு இரண்டு எல்லை போதும் மாமா. இதோ, "ரைட்" என்ற எழுதும் கட்டளையைக் கொடுத்து அட்டவணையில் பெயரை மறுபடி ஏற்றிவிட்டேன்.

(கணினி மறுபடி தொடங்குகிறது. கிரப் பட்டியல் வருகிறது: முதல் வரியில் பாஸ் லினக்ஸ், கடைசி வரியில் விண்டோஸ். மாணிக்கம் விண்டோஸைத் தேர்ந்தெடுத்து, உள்ளே நுழைந்ததும் நேராக டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறக்கிறார்.)

மாணிக்கம்: லினக்ஸ் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இங்கே சி டிரைவுக்குப் பக்கத்தில் 100 எம்.பி. அளவில் டிரைவ் எழுத்தே இல்லாமல் இன்னொரு சிறு துண்டு கிடக்கிறது பார். "சிஸ்டம் ரிசர்வ்டு" என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். எவனோ ஆக்கிரமித்திருக்கிறான் போலும்...

தேன்மொழி: விண்டோஸைத் துவக்குகிற கோப்புகளே அதில்தான் இருக்கின்றன. மாமா, மவுஸிலிருந்து கையை எடுங்கள். அத்தை! அத்தை, மாமாவை உடனே சாப்பிடக் கூப்பிடுங்கள்!