ஆறு மாதம் கெடாத பாலில் மருந்து கலக்கிறார்களா?

‘அட்டைப்பெட்டிப் பால் ஆறு மாதம் கெடுவதில்லை; அதில் ஃபார்மலின் ஊற்றுகிறார்கள்’ என்ற வாட்ஸ்அப் செய்தி வடசென்னையின் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் சுற்றுகிறது. தவறான செய்தி. பாலில் ஃபார்மலின் போன்ற பதப்படுத்தும் ரசாயனம் சேர்க்க விதிகளே இடம் தருவதில்லை.

கெடாமல் காப்பது வெப்பம். சாதாரண பாக்கெட் பாலை சுமார் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்குவார்கள். நோய்க்கிருமி சாகும், ஆனால் வெப்பம் தாங்கும் சில நுண்ணுயிரிகள் தப்பிவிடும். அட்டைப்பெட்டிப் பாலுக்கு 135 டிகிரிக்கு மேல், சில விநாடிகள்தான். உடனே குளிரவைத்து, கிருமி நீக்கிய பெட்டியில் காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். இலேசான காய்ச்சிய வாடை அதனால்தான். (எனக்கு அந்தப் பாலில் போட்ட காபி பிடிக்காது, அது வேறு விஷயம்.)

காலிப் பெட்டியைக் கத்தரித்துப் பாருங்கள்: உள்ளே வெள்ளி போல் மின்னும். காகிதம், அலுமினியம், பிளாஸ்டிக் எனப் பல அடுக்கு. வெளிச்சமும் காற்றும் நுழையாது. உணவுப் பொறியாளர்களின் கைவேலை இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் மின்சாரமும் பால் விநியோகமும் தடைபட்டபோது, ஃபிரிட்ஜ் கேட்காத பாலின் அருமை வடசென்னைக்குத் தெரிந்திருக்கும்.

குறை சொல்வதென்றால் பெட்டியைச் சொல்லலாம். ஒட்டிய அடுக்குகளைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். திறந்துவிட்டால் இதுவும் சாதாரணப் பால்தான். ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள்.