ஈயத்துக்கும் தகரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்கு

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் மேல்மாடத்துக்கு ஏற 2018இல் புதிதாகக் கட்டிய வெஸ்டன் கோபுரத்தை 'லிஃப்டுக்குப் போட்ட தகரக் கொட்டகை' என்று ஒருவர் எழுத, அதற்கு அத்தனை ஹார்ட்டின்! எந்தப் பதிவென்று உங்களுக்கே தெரியும். பெரிய மனிதர், பேர் வேண்டாம்.

அது தகரம் இல்லை சார், ஈயம். அபேயின் கூரையே ஈயம்தான்.

13ஆம் நூற்றாண்டு டிரைஃபோரியம், அதாவது பக்கவாட்டு நடைகளுக்கு மேலே இருக்கும் அந்த மாடம், தரையிலிருந்து 16 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2018 வரை ஏறுவதற்கு ஒடுக்கமான சுழல்படிதான். லிஃப்டை உள்ளேயே வைத்திருந்தால் அந்த நடைகளின் கல் வளைவுக்கூரையை அறுத்திருக்க வேண்டும். அதனால்தான் வெளியே, சாப்டர் ஹவுஸுக்கு (துறவிகள் கூடிய மண்டபம்) பக்கத்து மூலையில் ஒளித்து வைத்தார் கட்டடக்கலைஞர் டாலமி டீன். இரண்டு சதுரங்களைத் திருப்பி அடுக்கிய நட்சத்திரத் தளம். நடுவில் லிஃப்ட், சுற்றிலும் 108 படி.

ஈயம் சும்மா ஒட்டிவிடுகிற சமாச்சாரமா? 1 மீட்டர் தகடு 50 டிகிரி வெயில் ஏற்ற இறக்கத்தில் சுமார் 1.5 மி.மீ. நீளும், சுருங்கும். பெரிய தகடாகப் போட்டு நாலு பக்கமும் ஆணியடித்தால் நகர வழியில்லாமல் சில வருஷத்தில் வெடிக்கும். அதனால் சின்னச் சின்னத் தகடாக, மேல்விளிம்பில் மட்டும் ஆணி, மற்ற விளிம்புகளில் மடிப்பும் கிளிப்பும். ஓக் பலகைமேல் நேராகப் படுக்க வைத்தால் மரத்தின் அமிலம் அடியிலிருந்தே அரிக்கும். நடுவே காற்று ஓட இடம் விடணும். புது வேலையைப் பழைய சுவரோடு இறுக்கிக் கட்டவும் கூடாது. புது அஸ்திவாரம் கொஞ்சம் இறங்கும், விரிசல் பழைய கல்லில்தான் விழும்.

'பழைய பாணியிலேயே கட்டியிருக்கலாமே' என்பீர்கள். நீங்கள் உருகி உருகி ஷேர் பண்ணும் அபேயின் மேற்குக் கோபுரங்கள் கட்டடக்கலைஞர் ஹாக்ஸ்மூர் வரைந்து 1745இல் முடிந்தவை. சாப்டர் ஹவுஸ் கூரை விக்டோரியா காலத்தில் கட்டடக்கலைஞர் ஸ்காட் போட்டது. இதையெல்லாம் 'இடைக்காலம்' என்று நம்பிக்கொண்டு, நேர்மையாகப் புதிது என்று நிற்பதைத் திட்டுகிறீர்கள்!

செலவு? அதிகம்தான். நல்ல ஓக்கும் ஈயமும் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள்.

அழகில்லை என்றால் சொல்லுங்கள், சண்டை போடலாம். வெளியிலிருந்து பார்க்கையில் கொஞ்சம் நெரிசல் என்று எனக்கும் படும். ஆனால் அதே பதிவின் கீழே 'ஏற முடியாதவன் போட்டோவில் பார்த்துக்கட்டும்' என்றொரு கமெண்ட். அதற்குச் சிரித்தவர்களில் கட்டடக்கலை சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு. வீல்சேரில் வரும் மாணவனிடமும் இதையே சொல்வீர்களா சார்?