எஸ்டிபிஎம் வெளிநாட்டுல செல்லாதா? பொய்ங்க, நம்பாதீங்க

நம்ம மலேசியாவுல, பட்டர்வொர்த் பக்கம் பெற்றோர் வாட்ஸாப் குரூப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் சுத்துது. எஸ்டிபிஎம் பரீட்சைக்காக ஆறாம் படிவம் போனா மூணு வருஷம் வீணாம், அந்த சர்டிஃபிகேட் வெளிநாட்டுல செல்லாதாம், ஒரு செமஸ்டர் சொதப்பினா கதை முடிஞ்சதாம். இத கேட்டுட்டு எஸ்பிஎம் (அஞ்சாம் படிவப் பரீட்சை) முடிச்ச பிள்ளைய கடன் வாங்கியாவது தனியார் காலேஜ்ல சேக்க ஓடுறாங்க, பாக்கவே வயிறு எரியுது.

மூணு வருஷமெல்லாம் இல்ல, மூணு செமஸ்டர், சுமாரா ஒன்றரை வருஷம். படிக்கிறது கவர்மெண்ட் ஸ்கூல்ல, காலேஜ் மாதிரி ஆயிரக்கணக்குல ஃபீஸ் கிடையாது. வெளிநாடு விஷயம் சுத்தப் பொய், சிங்கப்பூர் என்யூஎஸ் யுனிவர்சிட்டியிலேர்ந்து இங்கிலாந்து, ஆஸ்திரேலியா வரைக்கும் எஸ்டிபிஎம் ரிசல்ட்ட வச்சு அப்ளை பண்ணலாம். சொல்லப்போனா மெட்ரிகுலேஷன்ங்கிற யுனிவர்சிட்டிக்கு முந்தின அரசாங்கப் படிப்புதான் முக்கியமா நம்ம நாட்டு அரசாங்க யுனிவர்சிட்டிக்குன்னு வச்சது, அத யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க.

செமஸ்டர் 1, 2ல மார்க் கொறஞ்சா அந்த பேப்பர திரும்ப எழுதலாம், எது நல்ல ரிசல்ட்டோ அதத்தான் எடுத்துக்குவாங்க.

உண்மையிலயே கவனிக்க வேண்டியது வேற. அரசாங்க யுனிவர்சிட்டி மெரிட்ல 90 விழுக்காடு படிப்பு, 10 விழுக்காடு புறப்பாடம், அதனால கிளப், விளையாட்டுன்னு எதையும் விட்டுடாதீங்க. மூவெட்ங்கிற இங்கிலீஷ் பரீட்சையும் எழுதியாகணும். டாக்டர் ஆசை இருந்தா பயாலஜி, கெமிஸ்ட்ரியோட பிசிக்ஸ் இல்லன்னா மேத்ஸ் வேணும், ஆனா எல்லா ஆறாம் படிவப் பள்ளியிலயும் சயின்ஸ் பிரிவு கிடையாது. பள்ளிக்கு நேரா போய் எந்தெந்தப் பாடம் இருக்குன்னு கேட்டுட்டு அப்புறம் பதிஞ்சிக்குங்க.