வெசாக் நம்ம ஊரிலும் உண்டு

ஆண்டு முழுவதும் வரும் பண்டிகைகளைச் சொல்லும் இந்தக் கட்டுரையில் மயிலாப்பூர் அறுபத்து மூவரைச் சேர்த்தது மனசுக்கு நிறைவு. பங்குனிப் பெருவிழாவின் 8ஆம் நாள், வெயிலில் யாரோ கையில் திணிக்கும் நீர்மோரில் மிதக்கிற கறிவேப்பிலை வாசனைக்காகவே நான் மாடவீதிக்குப் போவேன். சரி, ஆனால் புத்தரின் பிறப்பையும் ஞானம் பெற்றதையும் நினைத்துக் கொண்டாடும் வெசாக்கை 'இலங்கைப் பண்டிகை' என்று ஒரே வரியில் முடித்திருக்க வேண்டாம். 1898இல் அயோத்திதாச பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கிய ஊர் நம்ம சென்னை. எழும்பூர் கென்னட் லேனில் மகாபோதி சங்கம் என்ற பௌத்த அமைப்பு இன்றும் இருக்கிறது. வைகாசிப் பௌர்ணமியன்று அங்கே வெள்ளை உடுத்தி, தாமரை மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக மடித்து வைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியைப் பார்த்திருக்கிறேன். வடபழனியில் முருகனுக்குப் பால்குடம் எடுப்பதும் அந்தப் பௌர்ணமியை ஒட்டி வரும் வைகாசி விசாகத்தில்தான். வெசாக், வைகாசி இரண்டுமே விசாக நட்சத்திரத்தின் பெயரில் வந்தவை. அடுத்த முறை இதையும் விரிவாக எழுதுங்கள்.