எஸ்பிஎஃப் 100னு தலைல கட்டாதீங்கப்பா

காசிமேட்டுல வெயில்ல குந்தி மீன் விக்கிற எங்க அக்காவுக்கு சன்ஸ்கிரீன் வாங்கலாம்னு வண்ணாரப்பேட்டைல ஒரு கடைக்குப் போனா, எஸ்பிஎஃப் (வெயில்லேர்ந்து தோலை எவ்ளோ காக்கும்னு டியூப்ல போட்டிருக்கிற நம்பர்) 100 தான் பெஸ்ட்டுனு தலைல கட்டப் பாக்குறாங்க, செம கடுப்பாயிடுச்சு. எஸ்பிஎஃப் 30 ஒழுங்கா போட்டாலே தோலைச் சுடுற யுவிபி வெயில் கதிர்ல 97 சதவீதம் தடுத்துடும், 50 போட்டா 98, 100 போட்டா 99, அவ்ளோதான், இதுக்கு எதுக்குங்க இவ்ளோ காசு? அதுவும் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் போட்டாத்தான் அந்தக் கணக்கே, மூஞ்சி கழுத்துக்கு ரெண்டு விரல் நீளத்துக்கு கிரீம் வேணும், பட்டாணி சைஸுக்கு தடவுனா எந்த நம்பரும் வேலைக்காவாது. வேர்வைல வேற போயிடும், 2 மணி நேரத்துக்கு ஒருவாட்டி திரும்ப போடணும்னு ஒருத்தரும் சொல்றதில்ல. தோலுக்குள்ள ஆழமா போற யுவிஏ கதிருக்கு, டியூப்ல பிஏ (PA)னு போட்டிருக்கிறதுக்குப் பக்கத்துல எத்தன பிளஸ்னு பாக்கணும், அதக் கேட்டா முழிக்கிறாங்க.