பழைய 5டி மார்க் 3-ஆ, புதிய ஆர்50-ஆ? மலையகத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் படம் எடுப்பதைத் தொழிலாகச் செய்ய இறங்கும் தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் வரும் கேள்வி இது. சேர்த்து வைத்த காசு ஒரு கமராவுக்குத்தான் காணும். பாவித்த கெனன் 5டி மார்க் 3 வாங்குவதா, பெட்டி பிரிக்காத கெனன் ஆர்50 வாங்குவதா? கடையில் கேட்டால் "டி.எஸ்.எல்.ஆர் காலம் முடிஞ்சிருச்சு" என்று ஒரே வரியில் பதில் வரும். (5டி உள்ளே கண்ணாடி உள்ள டி.எஸ்.எல்.ஆர் ரகம், ஆர்50 அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் ரகம்.) அந்தப் பதிலோடு எனக்கு உடன்பாடு இல்லை. கல்யாணம், சடங்கு, தேர்த் திருவிழா என்று புகைப்படம் எடுத்துச் சம்பாதிக்கப் போகிறவருக்கு, நல்ல நிலையில் உள்ள 5டி மார்க் 3 இன்றைக்கும் சரியான கமரா. வீடியோதான் முக்கிய வேலை என்றால் ஆர்50 வாங்குங்கள், அதில் மறுபேச்சே இல்லை.

5டி மார்க் 3 வந்தது 2012-இல். ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய சென்சர் (படம் பதியும் பகுதி), 22.3 மெகாபிக்சல், 61 ஃபோகஸ் புள்ளி, நொடிக்கு 6 படம். ஆர்50 வந்தது 2023-இல். அதைவிடச் சிறிய ஏ.பி.எஸ்-சி சென்சர், 24.2 மெகாபிக்சல், நொடிக்கு 12 படம், எலக்ட்ரோனிக் சட்டரில் 15. எண்களை மட்டும் பார்த்தால் புதியதுதான் முன்னால் நிற்கும். ஆனால் எண்கள் எல்லாம் கமரா உடலுடையவை. ஆர்50-இன் பெட்டிக்குள் வருவது 18-45 லென்ஸ். அதன் திறப்பு எஃப் 4.5-இல் தொடங்கி 6.3-இல் முடிகிறது. எண் கூடக் கூடத் திறப்பு சிறுத்து வெளிச்சம் குறையும். நம் ஊரில் வேலை நடக்கிற நேரத்தையும் இடத்தையும் யோசித்தால் இந்த 6.3 என்ற எண்தான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிது.

மாசி மாதத்தில் தோட்டத்துக் காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி நேரம், கோயில் முன்னால் இரண்டு ட்யூப் லைட், நடுவில் தீப்பந்தம். ரதியும் மன்மதனும் ஆடி வரும்போது கை கால் அசங்கல் இல்லாமல் நிற்க 1/200 நொடிச் சட்டராவது வேண்டும். 50 மி.மீ எஃப் 1.8 லென்ஸை முழுசாகத் திறந்து, ஐ.எஸ்.ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 6400 வைத்தால் அந்த வேகம் கிடைக்கிறது என்று வைப்போம். அதே இடத்தில் 18-45 லென்ஸை 45 வரைக்கும் இழுத்தால் எஃப் 6.3. உள்ளே வரும் வெளிச்சம் 12 மடங்கு குறைந்துவிடும். சட்டர் 1/16-க்கு இறங்கும். ரதி நின்ற நிலையில் இருந்தால் முகம் தப்பும், ஆடும் கை புகைமாதிரி இழுபடும். சட்டரை விடமாட்டேன் என்றால் ஐ.எஸ்.ஓ-வை 80,000 பக்கம் ஏற்ற வேண்டும். ஆர்50-இன் வழமையான உச்சமே 32,000.

"அண்ணா, ஆர்50-க்கும் ஒரு 50 எஃப் 1.8 போட்டால் சரிதானே?" என்று கேட்பார்கள். கூத்துக்குச் சரி, லயத்துக்குள் (தோட்டத்து வரிசை வீட்டுக்குள்) சரிவராது. சடங்கு வீட்டில் பிள்ளையை உட்கார வைத்திருக்கும் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் பிள்ளைக்கும் உங்களுக்கும் 3 மீட்டர்தான். அந்தத் தூரத்தில் 5டி-யில் 50 மி.மீ லென்ஸ் 2.16 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். பிள்ளை, அம்மா, மாமன், அத்தை நாலு பேரும் நெருங்கி நின்றால் அடங்குவார்கள். ஆர்50-இல் அதே லென்ஸ் 1.34 மீட்டர்தான் பிடிக்கும், இரண்டு பேரோடு முடிந்தது. அகலம் வேண்டி 18-45-க்குத் திரும்பினால் வெளிச்சம் போய்விடும். சிறிய சென்சருக்கு அகலமும் வெளிச்சமும் சேர்ந்த லென்ஸ் தேடினால் விலை ஏறும். ஃபுல் ஃப்ரேமுக்கு அந்த வேலையை மலிவான 50 மி.மீ லென்ஸே செய்துவிடும். சென்சரின் பரப்பும் 2.6 மடங்கு பெரிது. பதினொரு வருடத் தொழில்நுட்ப முன்னேற்றம் அதில் ஒரு பங்கை ஈடுகட்டுகிறது, முழுவதையும் இல்லை.

ஆர்50 எங்கே ஜெயிக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் அதில் அருமை. ஃபோகஸ் அளப்பது படம் பதிகிற சென்சரிலேயே நடப்பதால் முன்னே பின்னே விலகும் நோய் கிடையாது. 4கே வீடியோ, திருப்பிப் பார்க்கும் திரை, எடுத்த படத்தை வைஃபையில் போனுக்கு அனுப்பும் வசதி எல்லாம் உண்டு. வெளிநாட்டில் வேலை செய்யும் அப்பாவுக்குத் தாலி கட்டிய அஞ்சாவது நிமிடமே படம் போய்ச் சேர்வது சின்ன விஷயம் இல்லை. 5டி மார்க் 3-இல் வைஃபையே இல்லை, வீடியோவும் ஃபுல் எச்டியோடு நின்றுவிடும். இன்னொன்று, குறைந்த ஐ.எஸ்.ஓ-வில் எடுத்த படத்தின் இருட்டுப் பகுதியை கம்ப்யூட்டரில் தூக்கினால் 5டி மார்க் 3-இல் கோடு கோடாக நொய்ஸ் (சொரசொரப்பான புள்ளி) தெரியும். ஆர்50 இதில் தெளிவாகவே மேல். ஆகவே 5டி-யில் எடுக்கிறவர் எடுக்கும்போதே வெளிச்சத்தைச் சரியாக வைக்க வேண்டும், பிறகு தூக்கிக்கொள்ளலாம் என்று இருட்டாக எடுக்கக்கூடாது.

பனிமூட்டத்தில் இந்தத் தவறு தானாகவே நடக்கும். தேயிலை மலை முழுக்க வெள்ளை மூடியிருக்கும்போது கமராவின் மீட்டர் அந்த வெள்ளையைச் சாம்பல் என்று நினைத்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1-இலிருந்து +1.3 வரை கூட்டுங்கள். ஆர்50-இல் வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் துளையில்) பார்க்கும்போதே படம் இருண்டிருப்பது தெரியும், உடனே திருத்தலாம். 5டி-யின் வியூஃபைண்டரில் தெரிவது லென்ஸ் வழியாக வரும் அசல் காட்சி, எக்ஸ்போஷர் அதில் தெரியாது. ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமை (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தை) பார்த்துப் பழக வேண்டும். பனிக்குள் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும், இது இரண்டு கமராவுக்கும் பொது. வெறும் வெள்ளையில் புள்ளியை வைக்காமல் சேலைக் கரை, கொழுந்துக்கூடையின் விளிம்பு, மரத்தண்டு என்று நிறம் மாறும் கோட்டில் வையுங்கள்.

இனி 5டி-யின் ஃபோகஸ் நோய். டி.எஸ்.எல்.ஆரில் ஃபோகஸ் அளக்கும் சென்சர் தனியாகக் கமராவின் அடியில் இருக்கிறது. பெரிய கண்ணாடிக்குப் பின்னால் உள்ள சின்னக் கண்ணாடி வெளிச்சத்தைக் கீழே தள்ளிவிடும். அந்தப் பாதைக்கும் படச் சென்சருக்கும் இடையில் மயிரிழை வித்தியாசம் வந்தாலும் எஃப் 1.8-இல் கண்ணுக்குப் பதில் காது தெளியும். "பழைய கமரா சொஃப்ட்" என்று பலரும் விற்றுவிடுவது இதனால்தான். திருத்துவது சுலபம். கமராவை ட்ரைபோடில் வைத்து, 50 மி.மீ லென்ஸுக்கு இரண்டரை மீட்டர் தள்ளி எழுத்துள்ள ஒரு அட்டைப்பெட்டியை நேராக நிறுத்துங்கள். எஃப் 1.8, நடு ஃபோகஸ் புள்ளி, வன் ஷொட் (ஒரு தடவை ஃபோகஸ் பிடித்து நிற்கும் முறை). முதலில் லைவ் வியூவில் (பின் திரையில் பார்த்து எடுக்கும் முறையில்) ஃபோகஸ் செய்து ஒரு படம். அதில் ஃபோகஸ் படச் சென்சரிலேயே பார்க்கப்படுவதால் அதுதான் அளவுகோல். பிறகு வியூஃபைண்டர் வழியாக ஐந்து படம், ஒவ்வொன்றுக்கும் முன்னால் லென்ஸை வேறு தூரத்துக்குத் திருப்பிவிட்டு. ஐந்தும் ஒரே பக்கமாக விலகியிருந்தால் மெனுவில் உள்ள ஏ.எஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்டில் -20 முதல் +20 வரை மாற்றிச் சரிசெய்யலாம். ஸூம் லென்ஸுக்கு இரண்டு முனைக்கும் தனித்தனி எண் வைக்கலாம். ஐந்தும் ஐந்து விதமாக விலகினால் எண்ணை மாற்றிப் பயனில்லை. லென்ஸ் மோட்டரிலோ கண்ணாடிப் பொறியிலோ கோளாறு இருக்கலாம், அதை வாங்காதீர்கள்.

மழை பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் தென்மேல் மழை விடாது. 5டி-யின் மூட்டுகளில் நீரும் தூசியும் தாங்கும் ரப்பர் அடைப்பு உண்டு. ஆனால் அடைப்புள்ள எல் ரக (கெனனின் உயர் ரக) லென்ஸ் மாட்டினால்தான் அது முழுமை. 50 எஃப் 1.8-க்கு மவுண்டில் ரப்பர் வளையம் கிடையாது, அந்த வழியாக நீர் இறங்கும். ஆர்50-இல் உடலுக்கே அடைப்பு இல்லை. தேர் இழுக்கும்போது தூறினால் பிளாஸ்டிக் உறை போடாமல் எடுக்கவே கூடாது. நுவரெலியாக் குளிரில் வெளியே நின்றுவிட்டு, அடுப்பு எரிகிற வீட்டுக்குள்ளோ ஆள் நிறைந்த மண்டபத்துக்குள்ளோ போனால் எந்தக் கமராவும் வேர்க்கும். உள்ளே போக முன்னமே ஸிப் பைக்குள் போட்டு மூடி, இருபது முப்பது நிமிடம் பொறுத்துத் திறந்தால் நீர் பைக்கு வெளியேதான் படியும்.

குளிருக்கு பெட்டரியும் சோரும். 5டி-யின் எல்.பி-இ6 1,800 மில்லி ஆம்பியர்-மணி, ஆர்50-இன் எல்.பி-இ17 1,040. மிரர்லெஸ்ஸில் திரையோ வியூஃபைண்டருக்குள் இருக்கும் சின்னத் திரையோ எந்நேரமும் எரிகிறது. பொண்ணழைப்பு முதல் ராத்திரி வரவேற்பு வரைக்கும் ஆர்50-க்கு மூன்று பெட்டரி வைத்திருக்க வேண்டும், மற்ற இரண்டும் உடம்போடு ஒட்டிய சட்டைப்பையில். எடை ஆர்50-க்குச் சாதகம். 5டி-யும் 24-105 லென்ஸும் 1.6 கிலோ தாண்டும், ஆர்50 லென்ஸோடு அரைக் கிலோதான். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை ஏறுகிறவருக்கு அது பெரிய நிம்மதி.

கடையில் யாரும் சொல்லாத ஒன்று பிளாஷ். ஆர்50-இன் மேல் பொருத்தில் பழைய மாதிரி நடுப்புள்ளித் தொடுகை கிடையாது. உங்களிடம் உள்ள பழைய பிளாஷையோ ட்ரிகரையோ நேராக மாட்டினால் அடிக்காது. ஏடி-இ1 என்ற அடாப்டர் தனியாக வாங்க வேண்டும், அந்தக் காசையும் கணக்கில் சேருங்கள். இன்னொரு எச்சரிக்கை. எல்.ஈ.டி பல்பு நிறைந்த மண்டபத்தில் ஆர்50-இன் சத்தமில்லாத எலக்ட்ரோனிக் சட்டரைப் பாவிக்காதீர்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், பல்பு நொடிக்கு 100 தடவை மின்னுகிறது. சென்சர் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால் மணப்பெண்ணின் முகத்தில் இருட்டுப் பட்டை விழும். எலக்ட்ரோனிக் ஃபர்ஸ்ட் கர்டன் சட்டருக்கு மாற்றி 1/100-இல் எடுங்கள்.

பாவித்த 5டி வாங்கப் போகும்போது அவசரப்பட வேண்டாம். சட்டர் 150,000 தடவைக்கு என்று கணக்கிடப்பட்டது. ஒரு கல்யாணத்துக்கு 2,000 தடவை அழுத்தினால் 75 கல்யாணம். அந்த எண்ணிக்கையைப் படத்தின் விவரத்தில் 5டி எழுதுவதில்லை, கேபிள் போட்டு லாப்டொப்பில் மென்பொருளால்தான் பார்க்கலாம். விற்கிறவர் வாயால் சொல்லும் எண்ணை எடுக்காதீர்கள். வெறும் வானத்தை 1/8000-இல் எடுங்கள், படத்தின் ஒரு ஓரம் கறுத்திருந்தால் சட்டர் தளர்ந்துவிட்டது. அதே வானத்தை எஃப் 16-இல் எடுத்தால் சென்சரில் உள்ள அழுக்கு எல்லாம் தெரியும். சி.எஃப் (படம் பதியும் பெரிய ரக) கார்ட் துளைக்குள் டோர்ச் அடித்து ஊசிகளைப் பாருங்கள். கார்டைச் சரித்துத் திணித்தவர் கையில் ஊசி வளைந்திருக்கும், பழுதுபார்க்கும் செலவு கடுமை. எஸ்.டி துளை மெதுவானது. இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுத வைத்தால் கமரா நடுவில் நின்று நின்று எடுக்கும், ஆகவே பிரதானமாக சி.எஃப்.

கூட வரும் லென்ஸ் பழைய 24-105 எஃப் 4 எல் என்றால் ஒரு சோதனை கட்டாயம். அதற்குள் திறப்பை இயக்கும் மெல்லிய நாடா வயர், ஸூம் பண்ணும்போதெல்லாம் மடிந்து மடிந்து ஒருநாள் அறுந்துபோகும். அறுந்த பிறகும் எஃப் 4-இல் ஒழுங்காக எடுக்கும், கடையில் வைத்துப் பார்த்தால் தெரியாது. எஃப் 8-க்கு வைத்து 24, 35, 50, 70, 105 என்று ஒவ்வொரு இடத்திலும் இரண்டு படம் எடுங்கள். எங்காவது "எரர் 01" வந்தால் வயர் போய்விட்டது. பிறகு லென்ஸின் பின்பக்கமாக டோர்ச் அடித்து முன்னால் இருந்து பாருங்கள். சிலந்தி நூல்மாதிரி கிளை விட்டிருந்தால் பூஞ்சணம். கண்ணாடியின் பூச்சை அது அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் இருக்கும்.

வாங்கிய அன்றே மூடி இறுகும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, கால் கிலோ சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் மூன்றையும் வாங்கிவிடுங்கள். நம் ஊர் அலுமாரிக்குள் வைத்த லென்ஸுக்கு ஒரு மழைக்காலம் போதும். மீட்டர் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். அரிசி போடாதீர்கள், மாவுத்தூசி படியும். பூச்சி உருண்டையும் வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படலமாக ஒட்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் நிறைந்துவிட்டது. மெதுவான சூட்டில் வெறும் சட்டியில் கிளறிக்கொண்டே இருங்கள், நீலம் திரும்பும்போது இறக்கிவிடலாம். சூடு கூடினால் நிறம் காட்டும் தன்மையே போய்விடும். அந்த நீலம் கோபால்ட் குளோரைட், ஆகையால் அந்தச் சட்டியில் பிறகு சமைக்கக் கூடாது. இறக்கியதை மூடியுள்ள போத்தலில் ஆறவிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். திறந்து வைத்தால் ஆறுகிற நேரத்திலேயே பனி ஈரத்தை மறுபடி குடித்துவிடும்.