'டெமிட்' என்றால் விலகினாரா, ஓய்வு பெற்றாரா?

உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் கடைசி நாள் வேலையை முடித்துக் கிளம்பினால், நம் ஆங்கில நாளிதழ்கள் 'டெமிட்ஸ் ஆஃபீஸ்' (demits office, பதவியை விடுகிறார்) என்று தலைப்புப் போடும். லண்டனில் இந்தச் சொல் அநேகமாக வழக்கொழிந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் உயிரோடு இருக்கிறது. அங்கே திருச்சபைப் போதகர் தன் சபைப் பொறுப்பை விட்டால் இன்றும் டெமிட்தான்.

லத்தீனில் 'டிமிட்டெரே' என்றால் அனுப்பிவிடுவது, போகவிடுவது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நாம் தினமும் சொல்லும் டிஸ்மிஸும் அதே வேர்தான். லூக்கா சுவிசேஷத்தில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய சிமியோன், அடியேனை 'சமாதானத்தோடே போகவிடுகிறீர்' என்கிறாரே, லத்தீன் பைபிளில் அங்கே நிற்பதும் இதே வினைச்சொல்தான்.

ஆக, தானாக விடுவதும் பிடித்துத் தள்ளுவதும் ஒரே வேரில் கிளைத்தவை. ஸ்காட்லாந்து அரசி மேரியின் கதையில் இரண்டும் ஒன்றாகவே கலந்துவிட்டன. 1567 ஜூலை 24 அன்று, ஏரி நடுவே இருக்கும் லாக்லெவன் கோட்டையில் சிறைப்பட்டிருந்தவரிடம் பிரபுக்கள் கையெழுத்து வாங்கினார்கள். அந்தப் பத்திரத்துக்குப் பெயர் 'டெமிஷன்', அதாவது டெமிட் செய்வது. படித்தால் தாமாகவே மகனுக்கு முடியை விட்டுக்கொடுத்தது போல இருக்கும். மகனுக்கு அப்போது வயது பதின்மூன்று மாதம்! ஐந்தே நாளில் ஸ்டெர்லிங்கில் அந்தக் குழந்தைக்கு முடி சூட்டிவிட்டார்கள். மறு வருடம் மே மாதம் மேரி தப்பி வெளியே வந்ததும், மிரட்டி வாங்கிய கையெழுத்து செல்லாது என்று அறிவித்தார். அப்புறம் லாங்சைடு போரில் தோற்று இங்கிலாந்துக்கு ஓடியது தனிக் கதை.

இவ்வளவு கனமான சொல்லை நாம் வயது முடிந்து வீட்டுக்குப் போவதற்குப் பயன்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 124ஆவது பிரிவுப்படி உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65 வயதில் பணி முடிகிறது. அதில் அவர் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. அதே பிரிவு, குடியரசுத் தலைவருக்குத் தன் கையெழுத்திட்ட கடிதம் கொடுத்து நடுவிலேயே விலகவும் வழி வைத்திருக்கிறது. ஒருவர் அப்படி விலகினால் ஏன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. இரண்டுக்கும் 'டெமிட்' என்றே போட்டால், தலைப்பை மட்டும் பார்த்துப் போகிறவருக்குக் கேட்கவேண்டும் என்றே தோன்றாது.

தமிழில் 'ஓய்வு பெற்றார்', 'பதவி விலகினார்' என்று தெளிவாகப் பிரித்து எழுதுகிறோம். ஆங்கிலத்தில் எழுதும் நம்மூர் நிருபர்களும் அப்படிப் பிரித்தே எழுத வேண்டும்.